என் பையைச் சுமந்தவர்

ஏப்ரல் 6, ஞாயிறு. ஈரோடு.

இந்த நோட்டில் இது முதல் பக்கம். ஜெயசீலி டீச்சர் வாங்கிக் கொடுத்தது. மலைக்குப் போகிறேன் என்று சொன்னதும், தினமும் எழுதுங்கள், பிழை வந்தாலும் பக்கத்தைக் கிழிக்காதீர்கள் என்றார். மாநகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்பில் என்னோடு படிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். வயதிலும் உயரத்திலும் நான்தான் பெரிய மாணவன்.

ஒரு பக்கம் எழுதுவதற்குள் காபி ஆறிவிடுகிறது. இப்போது ஆறின காபிதான் பிடிக்கிறது.

என் மகள் சுகந்தி பேங்கில் மேனேஜர். காலையில் வ.உ.சி. பூங்காவில் நடக்கிறவர்கள் சேர்ந்து நேபாள மலைக்குப் போகிறார்கள். அதில் ஒருவருக்குக் காலில் சுளுக்கு. அவருடைய இடத்தில் நான். சுகந்தி கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள். கேட்டுவிட்டாள் அல்லவா, அது போதும்.

பையின் மேல் நானே பெரிதாக எழுதினேன். மா. மாரப்பன், ஈரோடு. தள்ளி நின்று படித்தேன். கிட்டே வந்தும் படித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய். போக்ரா.

விமானத்தில் வந்தோம். மேகம் கீழே இருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் சொற்கள் போதாது.

இந்த ஊரில் ஒரு பலகையையும் படிக்க முடியவில்லை. போன வருஷம் வரைக்கும் ஈரோடு எனக்கு இப்படித்தான் இருந்தது. அதனால் பழக்கப்பட்ட இடம்போல் இருக்கிறது.

நல்ல வெயில். ஏரிக்கரையில் எல்லோரும் அரைக்கை சட்டையில் நடந்தார்கள். எனக்கு மட்டும் மப்ளர். சுகந்தி வாங்கிக் கொடுத்தது, பழுப்பு நிறக் கம்பளி. அவிழ்க்கப் போனேன். வேண்டாம் அப்பா, காற்று ஆகாது என்று மறுபடியும் சுற்றிவிட்டாள். என் பிடரியில் ஒரு மேடு இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் மஞ்சள் மூட்டை உட்கார்ந்த இடம். சதை காய்த்து எலுமிச்சம்பழம்போல் நிற்கும். அதை மூடும்படி மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றினாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் தண்டபாணி சார். ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், வாய் ஓயாது. சாப்பாட்டில் என்னைப் பார்த்து, ஐயா என்ன தொழில் பண்ணினீங்க என்று கேட்டார். நான் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் சுகந்தி, அப்பாவுக்கு மஞ்சள் மண்டிங்க என்று சொல்லிவிட்டாள்.

அது பொய் என்று சொல்ல முடியாது. மண்டி முதலாளியைவிட அதிக நேரம் மண்டியில் இருந்தவன் நான்தான். அவர் மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுவார். தண்டபாணி சார் இப்போது என்னை மண்டிக்காரரே என்று கூப்பிடுகிறார். விரலி மஞ்சள் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன். திக்கேதுங்கா.

இன்று நடை தொடங்கியது. ஊர்ப் பெயரைச் சுகந்தி சொல்லச் சொல்ல எழுதினேன்.

எங்களுக்கு வழிகாட்டி பெம்பா. கட்டையான ஆள். குறைவாகப் பேசுவார், தொப்பியைக் கழற்றவே மாட்டார். சுமை தூக்க மூன்று பேர். என் பையையும் சுகந்தியின் பையையும் தூக்குகிறவர் பெயர் ஹர்க்கா. நாற்பது வயது இருக்கும். இரண்டு பைகளையும் கயிற்றால் ஒன்றாகக் கட்டி முதுகில் வைத்து, கயிற்றோடு சேர்ந்த ஒரு பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்கிறார். பாரம் முழுவதும் நெற்றியில் தொங்குகிறது. இரண்டு கையும் சும்மா இருக்கிறது. நின்று ஓய்வெடுக்க ஒரு கட்டை வைத்திருக்கிறார். அதைச் சுமைக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் உட்காராமலே இளைப்பாறலாம். எங்கள் மண்டியில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு தரம் தடுக்கி விழப் பார்த்தேன்.

இதைவிட ஆச்சரியம், ஹர்க்காவுக்குத் தமிழ் வருகிறது. கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியில் மூன்று வருஷம் வேலை செய்தாராம். என் பையைக் கட்டும்போது, தேங்காய் பன்னு சூப்பருங்க என்றார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

என் பை எனக்கு முன்னால் போனால் கூச்சமாக இருக்கிறது. பின்னால் வந்தாலும் கூச்சமாக இருக்கிறது. என் பொருளை இன்னொருவர் தூக்கி நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் நின்றபோது நூறு ரூபாய் நோட்டை மடித்து ஹர்க்காவின் சுமையில் கயிற்றுக்கு அடியில் செருகி வைத்தேன். மண்டியில் டீக்காசு அப்படித்தான் வரும். வியாபாரி மூட்டைமேல் வைத்துவிட்டுப் போவார். கையில் கொடுக்க மாட்டார்கள். எங்கள் கையில் மூட்டைக் கொக்கி இருக்கும், அதனால் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் ஹர்க்கா அந்த நோட்டைக் கொண்டுவந்து, ஐயா, உங்க பையில இருந்து விழுந்துருச்சுங்க என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தண்டபாணி சாரிடம் சொன்னேன். சிரித்தார். இங்கே டிப்ஸுக்கு ஒரு முறை உண்டாம். கடைசிச் சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக உட்காருவோமாம். எல்லோரிடமும் வசூலித்த பணத்தைக் கவரில் போட்டு, முதலில் வழிகாட்டிக்கு, பிறகு சுமை தூக்கியவர்களுக்கு, பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். நடுவில் கொடுக்கக் கூடாது. நடுவில் போய்விடுகிறவருக்குக் கவர் கிடையாது. பிறகு சார் என்னிடம், "மண்டிக்காரரே, நீங்க ஆள் வெச்சு வேலை வாங்கினவரு. மூட்டை தூக்குறவங்களுக்கு எவ்வளவு குடுத்தா மரியாதையா இருக்கும்? அதிகமாக் குடுத்துக் கெடுத்துரவும் கூடாது பாருங்க" என்றார்.

வாங்குகிறவரைக் கேட்டால் சொல்லுவார் என்றேன். சார் அதற்கும் சிரித்தார். சுகந்தி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். சோறும் பருப்பும் நன்றாக இருந்தது.

படுக்கப் போகும்முன் ஹர்க்கா வந்து உட்கார்ந்தார். இதுதான் கடைசி முறையாகச் சுமை தூக்குவது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். தமிழ்க் கூட்டங்கள் நிறைய வருவதால், அடுத்த சீசனில் இருந்து உதவி வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதாம். பெம்பா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். "அப்புறம் கை வீசி நடக்கலாமுங்க" என்று உட்கார்ந்தபடியே கையை வீசிக் காட்டினார்.

ஏப்ரல் 10, வியாழன். உல்லேரி.

இன்று முழுவதும் படிகள். கல் படிகள். பழனியில் ஏறியிருக்கிறேன். இது பழனிக்கு அண்ணன்.

ஹர்க்காவை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. சுமை தூக்கும் மற்ற இருவரும் விறுவிறு என்று ஏறிப் போய்விட்டார்கள். இவரால் முடியவில்லை. எனக்குப் பின்னாலேயே வருகிறார். பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒரு தரம் நான் மூச்சு வாங்க நிற்பேன். திரும்பிப் பார்த்தால் அவரும் கட்டையை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருப்பார். நான் நிற்கும் இடத்தில் எல்லாம் அவரும் நிற்கிறார். நான் கிளம்பினால் சிரமப்பட்டு அவரும் கிளம்புகிறார். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டுவதில்லை. சுமைக்காரன் எவனும் முடியவில்லை என்று வாயால் சொல்ல மாட்டான். நானும் சொன்னதில்லை.

கூட வேலை செய்கிறவன் திணறினால் மண்டியில் நாங்கள் கேட்க மாட்டோம். அவன் பங்கில் ஒன்றை எடுத்துப் போய்விடுவோம். அவனும் நன்றி சொல்ல மாட்டான். அது அப்படித்தான்.

அதனால் ஒரு டீக்கடையில் ஹர்க்கா உள்ளே போயிருந்தபோது, கயிற்றை அவிழ்த்து என் பையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சுகந்தியின் பையை மறுபடியும் இறுக்கிக் கட்டி வைத்தேன். அந்த முடிச்சைப் பார்த்தால் ஹர்க்கா மெச்சுவார். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "வேணாமுங்க ஐயா. குடுங்க. நல்லா இருக்காதுங்க" என்றார். எனக்குத் தெரியாதா அந்த ரோஷம். நீங்க வாங்க தம்பி என்று நடந்துவிட்டேன். பையைப் பிடரியில் வைத்ததும் அது தன் வீட்டுக்குள் வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. மப்ளர் வேறு மெத்தென்று இருந்தது.

தங்கும் இடத்துக்கு முந்தின திருப்பத்தில் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் சந்தோஷம்.

ஏப்ரல் 11, வெள்ளி. கோரேபானி.

காட்டில் மரம் மரமாகச் சிவப்புப் பூ. தரையிலும் சிவப்பு. பெயர் கேட்டேன், எழுத வரவில்லை. ஒரு பூவை நோட்டில் வைத்திருக்கிறேன்.

இன்றும் என் பையை நானே தூக்கினேன். இன்று ஹர்க்கா நேற்றைவிட அதிகம் கெஞ்சினார். கொஞ்ச நேரம்தான் தம்பி என்றேன். ஒரு ஏற்றத்தில் திரும்பியபோது மேலே பாறையில் பெம்பா உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகக் காத்திருந்திருப்பார் போல. என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பின்னால் வந்த ஹர்க்காவைப் பார்த்தார். இறங்கிவந்து என் பிடரியில் இருந்து பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் சுகந்தி சொன்னாள். ஹர்க்கா நாளைக் காலையில் கீழே போகிறாராம். இந்த ஊரிலேயே வேறு ஆள் ஏற்பாடு செய்தாகிவிட்டதாம். சம்பளம் வாங்கிக்கொண்டு, வயதானவரைத் தூக்கவிட்டு, தான் பாதிச் சுமையோடு வந்திருக்கிறார் என்று பெம்பாவுக்குக் கோபம். இதைவிட அவமானம் இந்த வேலையில் கிடையாதாம். தண்டபாணி சார் அப்போ அவருக்குக் கவர் வேண்டாம் என்று ஒரு கவரை எடுத்து வைத்துவிட்டார்.

நான் உடனே ஹர்க்காவைக் கூட்டிக்கொண்டு பெம்பாவிடம் போனேன். எனக்குப் பெம்பாவின் பாஷை தெரியாது. பெம்பாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஹர்க்கா ஒருவர்தான். தப்பு என்னுடையது, இவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று நான் சொல்ல, ஹர்க்கா தலையைக் குனிந்துகொண்டு மெல்ல அதைச் சொன்னார். பெம்பா கேட்டுவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என் வக்கீலும் நானேவான்னு கேக்குறாருங்க" என்றார் ஹர்க்கா.

கை விறைக்கிறது. பேனா நகரவில்லை.

ஏப்ரல் 12, சனி. தாடாபானி.

நேற்று விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறேன். நிறைய இருக்கிறது. மெதுவாகத்தான் வரும்.

பெம்பாவிடம் இருந்து நேராகச் சுகந்தியிடம் போனேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். பெம்பாவுக்கும் தெரியும். நீ போய்ச் சொல்லு கண்ணு, எங்கப்பா பிடிவாதக்காரக் கிழவன், அவராத்தான் பிடுங்கினாருன்னு சொல்லு, வேறே ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். காலையில் பேசுகிறேன் என்றாள்.

விடியும்போது பக்கத்துக் குன்றுக்கு எல்லோரும் ஏறிப்போய்ச் சூரியனைப் பார்த்தோம். பனிமலைகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஊரில் இருந்து வந்ததே இதைப் பார்க்கத்தான். நான் சரியாகப் பார்க்கவில்லை.

இறங்கி வந்தால் முற்றத்தில் ஹர்க்கா கயிற்றையும் நெற்றிப் பட்டையையும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பைகளைப் புது ஆள் கட்டிக்கொண்டிருந்தார். ஹர்க்கா என்னைக் கண்டதும் எழுந்து, "போயிட்டு வர்றேனுங்க ஐயா. மெதுவா நடங்க. இறக்கத்துல முட்டி வலிக்கும்" என்றார். அவ்வளவுதான். ஒரு குத்தல் வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுகந்தி பெம்பாவைக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசினாள். நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள் போல, என்னைக் காட்டித் தலையை ஆட்டினாள். பெம்பா மரியாதையாகக் கேட்டுவிட்டு ஏதோ கேட்டார். தண்டபாணி சார்தான் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். "பணம் குடுத்து வர்ற ஒரு மொதலாளி எதுக்கய்யா மூட்டை தூக்கணும், இந்த ஆளுதான் முடியலன்னு அழுது காட்டியிருப்பான்னு சொல்றாரு. நியாயமாத்தானே இருக்குது மண்டிக்காரரே? நீங்க இளகின மனசுக்காரரு."

எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கினேன். என் வாயால் சொன்னால் அவளைப் பத்துப் பேருக்கு முன்னால் பொய்க்காரி ஆக்கியதாகும். அவள் பேங்கில் மேனேஜர். எல்லோரும் ஈரோட்டுக்காரர்கள்.

ஹர்க்கா கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். முற்றத்து வாசல் வரை போய்விட்டார்.

அப்போது சுகந்தி என் பின்னால் வந்து நின்றாள். மப்ளரின் முனையைப் பிடித்து ஒரு சுற்று அவிழ்த்தாள். குளிருமே என்று நினைத்தேன். இன்னொரு சுற்றும் அவிழ்த்தாள். என் தோளைப் பிடித்து, பெம்பாவுக்கு முதுகு தெரியும்படி என்னைத் திருப்பினாள். பிடரியில் அந்த மேட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பிறகு இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஃபாதர் என்றால் தெரியும். போர்ட்டர் என்றாலும் இந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன். இரண்டும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்தன.

கழுதை ஒன்றின் மணி மட்டும் கேட்டது.

பெம்பா கிட்டே வந்து பார்த்தார். தொடட்டுமா என்று கண்ணால் கேட்டார். தொட்டுப் பார்த்தார். அப்புறம் நாலு நாளாகக் கழற்றாத தொப்பியைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் குனிந்தார். உச்சந்தலையில் ஒரு கோடு. பட்டை உரசி உரசி முடி முளைக்காமல் போன கோடு. அவரும் சுமந்துதான் வந்திருக்கிறார்.

வாசலைப் பார்த்து ஹர்க்காவைக் கூப்பிட்டார். சுருட்டின கயிறு கையில் இருக்க, ஹர்க்கா திரும்பி வந்து நின்றார். பெம்பா கேட்டதை ஹர்க்கா சொன்னார், இப்போது அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். "ஒரு மூட்டை எத்தனை கிலோன்னு கேக்குறாருங்க." சொன்னேன். பெம்பா உச்சுக்கொட்டினார். இன்னும் ஏதோ சொன்னார். ஹர்க்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே நீங்க பையைத் தொட்டா உங்களுக்கு டிப்ஸ் கிடையாதாமுங்க."

புது ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பினார்கள். சுகந்தி கொடுத்தாள். ஹர்க்கா எங்கள் பைகளைப் பிரித்து மறுபடியும் கட்டினார். எனக்குக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நடக்கும்போது பெம்பா சுகந்தியிடம் ஒன்று சொன்னாராம். கூட்டத்தில் வயதில் மூத்தவரைத் தாண்டி ஒரு அடி கூட முன்னால் போகாதே, அவர் நின்றால் நில் என்று முதல் நாளே ஹர்க்காவிடம் சொல்லி வைத்திருந்தாராம். சுகந்தி இதைச் சொன்னதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இங்கே வந்து வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் நிற்கும் இடத்தில் எல்லாம் அவரும் நிற்கிறார் என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதினவனுக்குப் புரியவில்லை. அந்த மனிதர் என்னைவிட வேகமாக ஏறக்கூடியவர். எனக்காகத் தேங்கித் தேங்கி வந்தவருக்கு நான் இரக்கப்பட்டிருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். டீச்சர் கிழிக்கக் கூடாது என்றார், கிழிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மப்ளர் சுகந்தியிடம் இருக்கிறது. அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு. காந்த்ருக்.

வழியில் தண்டபாணி சார் என்னோடு நடந்தார். வெகுதூரம் ஒன்றும் பேசாமல் வந்தார். அவருக்கு அது கடினம். பிறகு, "மண்டிக்காரரேன்னே கூப்பிடட்டுமா?" என்றார். கூப்பிடுங்க என்றேன். "நேத்து வரைக்கும் தெரியாமக் கேட்டாலும் சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கேன். இப்ப சொல்லுங்க, எப்பிடிக் குடுத்தா நல்லா இருக்கும்?"

கையில் கொடுங்கள் என்றேன். வேறு யோசனை எனக்கு இல்லை.

அப்படியானால் நீங்களே கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கவரில் பெயரும் நானே எழுத வேண்டும் என்றார். மத்தியானம் முழுக்க அதுதான் வேலை. பெம்பா என்பது சுலபம். ஹர்க்காவுக்கு இரண்டு கவர் வீணாகிவிட்டது. மூன்றாவதில் நன்றாக வந்தது. சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு வந்தபோது சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்கும் வரை இருந்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் எல்லோரும் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். சுமை தூக்கிய மூன்று பேரும் முகம் கழுவித் தலை வாரி வந்திருந்தார்கள். ஒருவர் மேளம் தட்டிப் பாடினார். தண்டபாணி சார் ஆடினார். அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு பெம்பா கை காட்ட, ஹர்க்கா எழுந்து என் பக்கத்தில் நின்றார். நான் பேசுவதை அவர்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமாம். அது உதவி வழிகாட்டியின் வேலை என்று சுகந்தி காதில் சொன்னாள். பெம்பாவுக்குக் கொடுத்தேன். மற்ற இருவருக்கும் கொடுத்தேன். ஹர்க்காவின் முறை வந்தது. எழுதி வைத்துக்கொண்டு வந்த பேச்சு மறந்துபோயிற்று. கவரை இரண்டு கையிலும் பிடித்து நீட்டினேன். என்ன சொன்னால் ஒரு சுமைக்காரனுக்கு நிறையும் என்று யோசித்தேன். எனக்கு யாராவது சொல்லமாட்டார்களா என்று முப்பத்தெட்டு வருஷம் மண்டி வாசலில் நான் காத்து நின்ற பேச்சு ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன்.

"நல்லாச் சுமந்தீங்க தம்பி. ஒண்ணும் நனையல, ஒண்ணும் நசுங்கல."

ஹர்க்கா அதைத் தன் பாஷையில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றிய நல்ல வார்த்தையைத் தானே எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். பெம்பா விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு கவரை என்னிடம் காட்டி, எது தன் பெயர் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். ஹ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தேன். அவரும் அங்கே விரலை வைத்துப் பார்த்தார். உள்ளே எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமலே சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த சீசனில் மதுரையில் இருந்து ஒரு கூட்டம் வருகிறதாம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்து போகிறவர் ஹர்க்கா என்று பெம்பா சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள். போக்ரா.

இன்று சித்திரை ஒன்று. இவர்களுக்கும் இன்றுதான் வருஷப்பிறப்பாம். காலையில் எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். ஈரோட்டில் நான் இல்லாத முதல் சித்திரை.

ரோடு வரைக்கும் இறக்கம். முட்டி வலித்தது. ஹர்க்கா முன்பே சொன்னார்.

கிளம்பும்முன் நடந்தது ஒன்றை எழுத வேண்டும். ஹர்க்கா பைகளைக் கட்டி முடித்துவிட்டுச் சுமைக்கு முன்னால் குந்தினார். பட்டை பட்டு அவர் நெற்றி சிவந்து தோல் உரிந்திருந்தது. சுகந்தி பார்த்தாள். தன் தோள்பையில் இருந்து என் மப்ளரை எடுத்தாள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே இரண்டு மடிப்பு, முனையை உள்ளே செருகி ஒரு தட்டுத் தட்டினாள். சதுரமாக, மெத்தென்று நின்றது.

அந்த மடிப்பு எனக்குத் தெரியும். அவள் மூன்றாவது படிக்கும்போது, காலையில் நான் மண்டிக்குக் கிளம்பும்முன் என் துண்டை அப்படித்தான் மடித்துக் கொடுப்பாள். பிடரியில் வைத்துக்கொண்டு போவேன். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதில் இருந்து அதை விட்டுவிட்டாள். நானும் கேட்டதில்லை. மறந்திருப்பாள் என்றுதான் இருந்தேன்.

ஹர்க்காவிடம் நீட்டி, "பட்டைக்கு அடியில வச்சுக்குங்க. அறுக்காது" என்றாள்.

ஹர்க்கா என்னைப் பார்த்தார். வாங்கிக்கோ என்று தலையை ஆட்டினேன். வைத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது சுமைக்கு அடியில் நான் ஒரு கை கொடுத்தேன். இதற்கு மட்டும் பெம்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுப்பிவிடுவது எல்லா ஊரிலும் உண்டு.

ரோட்டில் சுமையை இறக்கியதும் மப்ளரை உதறித் திருப்பிக் கொடுக்க வந்தார். சுகந்தி, அது உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். பஸ் கிளம்பியபோது அவர் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் நன்றாக வீசிக்கொண்டு, கடைத்தெருவில் நடந்து போனார்.

ஏரிக்கரையில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாமா என்று சுகந்தியைக் கேட்டேன். எதுக்கப்பா, விடுங்க என்று சொல்லி, போட்டோ எடுக்கிறவரை எங்களுக்குப் பின்னால் போய் நின்று ஒன்று எடுக்கச் சொன்னாள்.

பிடரியில் வெயில் பட்டது. நன்றாக இருந்தது.